நாற்பது பேருக்கு ஒரே சேலை

"இது நீரோ, பிள்ளை?"

பெரிய கிளார்க்கு ஐயா என் அடையாளக் கார்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். இன்னொரு கையில் மை தோய்த்த பேனா. மேசைமேல் என் நிரந்தர வேலைக்கான பாரம் கிடந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. கார்டு எண் எழுதுகிற கட்டம் மட்டும் பாக்கி.

"ஆமாங்க ஐயா, நான்தான்" என்றேன், பார்க்காமலே.

"வடிவாப் பார்த்துச் சொல்லும்."

பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் அந்தச் சேலை அரக்கு நிறம் என்று எனக்குத் தெரியும். நான் படத்துக்குக் கட்டியிருந்த அதே சேலை. தோளில் அதே ஜரிகைக் கரை. கழுத்தில் அதே அட்டிகை. நடுவகிடு எடுத்து எண்ணெய் வழியச் சீவிய தலைகூட அதேதான். முகம் மட்டும் என் அண்ணியுடையது.

"ஐயா, இது எங்க அண்ணி."

"எனக்கும் அப்படித்தான் கிடக்கு. பேர் அந்தோணியம்மாள் எண்டு போட்டிருக்கு. உம்மட பேர் லூர்து மேரி எண்டல்லோ நான் மூண்டு மாசமாய் எழுதிறன்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு இரண்டு தரம் துடைத்தார்.

மணி அப்போது ஒன்பதரை. நாலு மணிக்குத் துரை என் பாரத்தில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அன்று மாலையே அவர் ரயிலேறி, கப்பல் பிடித்து, ஆறு மாத விடுப்பில் சீமைக்குப் போகிறார். போகிற மனிதர் எனக்காக ஒரு நாள் தங்க மாட்டார்.

"நாலு மணிக்குள்ள உம்மட கார்டைக் கொண்டாரும். இல்லாட்டி நான் ஒண்டும் செய்ய ஏலாது. இன்னொரு பிள்ளையும் இந்த வேலைக்குக் காத்துக்கொண்டு நிக்குது" என்று சொல்லிவிட்டு, அண்ணியை என் கையில் கொடுத்தார். "இதை வெளியில ஒருத்தருக்கும் காட்டாதையும்."

கிள்ளானிலிருந்து இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 'பட்டணத்தில் வேலை பார்த்த கதை என்று தொடங்கினீர்கள். வாராவாரம் சுற்றிச் சுற்றித் தோட்டத்துக்கே போய்விடுகிறீர்கள்' என்று குறை. நான் என்ன செய்வேன் ஐயா? அன்றைக்கும் அப்படித்தான். நான் கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தேன். என் கார்டு கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், கம்பி வேலி வாசலில், ஒரு ரொட்டி டின்னுக்குள் கிடந்தது.

கோட்டு ஒன்று, சேலை ஒன்று

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய கையோடு எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்று சட்டம் வந்தது. பன்னிரண்டு வயது தாண்டியவர்கள் எல்லாரும் படம் பிடித்தாக வேண்டும். எங்கள் தோட்டத்துக்குச் சீனப் படக்காரர் ஒருவர் டவுனிலிருந்து வந்தார். ரப்பர்ப் பால் ஸ்டோர் சுவரில் வெள்ளைத் துணி ஆணியடித்து, முன்னால் ஒரு முக்காலி போட்டார்.

அரசாங்கம் கேட்டது முகத்தை. எங்கள் ஜனங்களுக்கு அது போதுமா? பிறந்ததிலிருந்து படம் பிடித்துக்கொள்ளாதவர்கள். இனியும் பிடித்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்தவர்கள். ஆகவே வாழ்நாளில் ஒரே படம் என்றால் அது கல்யாணக் கோலத்தில் இருக்க வேண்டும் என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

தோட்டத்தில் அப்போது பட்டுச் சேலை என்று பார்க்கும்படி இருந்தது ஒன்றே ஒன்று. என் அண்ணியின் கூறைச் சேலை. அண்ணி அதைக் கோயில் திருநாளுக்குக்கூட எடுக்க மாட்டார். டிரங்குப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைத்திருப்பார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "எல்லாரும் கட்டிக்குங்க" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆட்களை மேய்க்கிற மண்டோரின் சம்சாரம் அட்டிகையைக் கழற்றித் தந்தார்.

அவ்வளவுதான். ஒருத்தி முக்காலியில் உட்காருவாள். 'கிளிக்'. எழுந்து ஸ்டோருக்குப் பின்னால் ஓடுவாள். சேலையும் அட்டிகையும் அடுத்தவளுக்கு மாறும். பிறகு பொறுமை போய், பாவாடை ரவிக்கைமேல் சேலையைத் தோளில் மட்டும் போர்த்தி உட்கார வைத்தார்கள். படத்தில் தோளுக்குக் கீழே தெரியப் போவதில்லை. நாற்பது பெண்கள். ஆண்களுக்குத் தோட்டத்து ஆபீஸ் கிராணியின் கறுப்புக் கோட்டு. இந்துப் பெண்கள் பொட்டு வைத்தார்கள், நாங்கள் வைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

எனக்கு அப்போதே எரிச்சல். பதினாறு வயதில் எனக்கு வேண்டியது பள்ளிக்கூடத்துக் கவுன். "நான் ஸ்கூல் உடுப்பிலேயே எடுத்துக்கிறேன் அண்ணி" என்று சொன்னேன்.

"எல்லாரும் எஞ்சேலையைக் கட்டியிருக்க, வூட்டுப் பொண்ணு நீ மட்டும் அநாதையாட்டம் நிக்கிறதா? தூக்குலா கையை!" என்று சுற்றிவிட்டார்.

கார்டுகள் வந்தபோது நாற்பது பேரும் அக்கா தங்கை போல இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பெருமை. அதில் உள்ள ஆபத்து ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வாசல் பெட்டி

மறு வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்துக்கு மாற்றி, சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள், பால் வெட்டுகிற வெட்டுக்காட்டில் ஆட்களை மடக்கிக் கார்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். கார்டு இல்லாதவனை மாத்தா, அதாவது போலீஸ்காரன், பிடித்துக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் உதை. இதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லாருடைய கார்டும் வேலி வாசலில் ஒரு ரொட்டி டின்னில் இருக்கும். பால் வெட்டப் போகிறவர்கள் கழுத்தில் நம்பர் போட்ட தகர வில்லையைக் கட்டிக்கொண்டு போவார்கள். வெளியூர் போகிறவர்கள் வில்லையைக் கொடுத்துக் கார்டை வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊர் வருகிற என்னைப் போன்றவர்களும் கார்டை டின்னில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

நான் அப்போது கோலாலம்பூரில் கன்னியர் நடத்திய பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியில் டெலிபோன் பலகை பார்த்தேன். மூன்று மாதம் பரீட்சை வேலை. "மூணு மாசம் பாப்பேன். நெலையான வேலைன்னு காயிதம் வந்தா சரி. வராட்டி, மரியாதையா வந்து அண்ணியோட பால் வாளியைத் தூக்கு" என்று என் அண்ணன் சவரிமுத்து சொல்லியிருந்தார். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். அந்த மூன்றாவது மாதம் முடிகிற நாள்தான் நான் சொல்கிற திங்கட்கிழமை.

அன்று விடியற்காலை நடந்ததற்கு முழுக் காரணம் என் அண்ணியின் இடியாப்பம்.

காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே சாப்பாட்டுப் பொருள் எதுவும் போகக்கூடாது. ஒரு பிடி அரிசி இருந்தால்கூடக் குற்றம். வாசலில் ஒரு அம்மாள் நம் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்துத்தான் விடுவாள். மற்ற வீடுகளில் இதைக் கேட்டு அடங்கிவிட்டார்கள். என் அண்ணி அடங்கவில்லை.

"கையில கொண்டு போகத்தானே கூடாது? வவுத்துல கொண்டு போனா எவன் தடவிப் பாப்பான்?" என்பது அவருடைய கட்சி. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பி, வாரம் முழுவதற்கும் சேர்த்து ஊட்டாத குறையாகத் திணிப்பார்.

"போதும் அண்ணி, பஸ்சு போயிடும்."

"பசியாறிட்டுப் போ. அங்க அந்தக் கன்னியாஸ்திரிங்க ரொட்டிய நூல் மாதிரி அறுத்துப் போடுவாங்க."

"அவங்க நல்லாத்தான் போடறாங்க."

"பாத்தா தெரியலியா? கழுத்தெலும்பு கதவுத் தாப்பா மாதிரி நிக்குது. இன்னும் ரெண்டு."

ஆறு மணிக்கு ஊரடங்கு முடியும். ஆறேகாலுக்குப் பெரிய சடக்கில், மெயின் ரோட்டில், பஸ். நான் வாயில் தேங்காய்ப்பாலோடு வாசலுக்கு ஓடினேன். காவலுக்கு நின்றது எங்கள் லயத்து வேலு. அரிக்கன் விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டின்னைக் கிளறினான். அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் எடுப்பான். அந்த டின்னில் படத்தைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிப்பது? எங்கள் வீட்டுப் பொண்ணு என்று தெரியும். வீடு வாரியாகக் கட்டி வைத்திருந்ததில் எங்கள் வீட்டுக் கார்டு ஒன்று கையில் வந்தது. நீட்டிவிட்டான். நான் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

வழியில் மூன்று இடத்தில் சோதனை. மூன்று இடத்திலும் சிப்பாய்கள் கார்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். என் முகமும் அண்ணியின் முகமும் அவர்களுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்கு அது இன்றுவரைக்கும் ஆறாத எரிச்சல்.

ட்ரங்கு கால்

கிளார்க்கு ஐயா அறையிலிருந்து வெளியே வந்து என் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கை தானாக வயரைச் செருகியது, பிடுங்கியது. மனம் கணக்குப் போட்டது. இப்போது பஸ் ஏறினால் தோட்டம் போய்ச் சேரப் பகல் ஒன்று. திரும்புகிற பஸ் நாலரைக்குத்தான் பட்டணம் வரும். அதுவும் சிப்பாய்கள் காலையில் இருந்த மாதிரியே குருடாக இருந்தால். தெரியாமல் செய்தபோது இருந்த தைரியம் தெரிந்த பிறகு எங்கே இருக்கிறது? அடுத்தவர் கார்டை வைத்திருந்தால் ஜெயில் என்று விடுதிச் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

சொந்த விஷயத்துக்குக் கம்பெனி லைனைத் தொடக்கூடாது. மூன்று மாதத்தில் ஒரு தரம்கூட நான் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டேன். தோட்டத்து ஆபீசுக்கு ட்ரங்கு கால் போட்டேன். இருபது நிமிஷம் கழித்துக் கிடைத்தது. கிராணி எடுத்தார். இடையில் இருக்கிற இத்தனை மைலுக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கத்தினார்.

"யாரு?"

"நான் சவரிமுத்து தங்கச்சி மேரி பேசறேங்க. என் கார்டு கேட்டுலயே தங்கிப்போச்சு. அண்ணி கார்டு மாறி வந்திருச்சு. அண்ணன்கிட்டச் சொல்லி, பதினொன்றரை பஸ்சுல யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் கையில குடுக்கறது குத்தம்லா. நீயே வந்து வாங்கிக்க."

"எப்படி வர்றது? எங்கிட்டக் கார்டு இல்லியே."

"கார்டு இல்லாம வந்தா புடிச்சிடுவான்."

"அதான் குடுத்து அனுப்பச் சொல்றேன்."

"அதான் குத்தம்னு சொல்றேன்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"வராத" என்றார் கிராணி. லைன் அறுந்துபோனது.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ ஆயிரம் பேரை டெலிபோனில் இணைத்து வைத்திருக்கிறேன். எனக்காக நான் போட்ட முதல் ட்ரங்கு கால் இந்த லட்சணத்தில் முடிந்தது.

முப்பது சேலை

பகல் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டேன். எங்கள் பக்கத்துப் பஸ் கண்டக்டர் யாரையாவது கெஞ்சி அண்ணனுக்கு நேரில் சொல்லி அனுப்பலாம் என்று ஒரு நப்பாசை. அது நடந்தாலும் நாலு மணிக்குள் கார்டு வராது. அது எனக்கே தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

பத்து ரோடு என்கிற கடைத்தெருவில் பாதி தூரம் போனபோது முன்னால் ஒரு போலீஸ் லோரி வந்து குறுக்கே நின்றது. பின்னால் திரும்பினால் இன்னொன்று. கயிறு கட்டிவிட்டார்கள். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையாக நின்று கார்டைக் காட்ட வேண்டும். பட்டணத்தில் இது வாரம் ஒரு தரம் நடக்கிற விஷயம். மற்ற நாளில் நானும் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்றைக்குக் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் நுழைந்தேன். ஜவுளிக்கடை.

"வாங்க தங்கச்சி. என்னா பாக்கிறீங்க?"

"சேலை."

"என்னா மாதிரி?"

"எல்லா மாதிரியும்" என்றேன். பொய் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார். கரை அகலம் என்றேன். கரை சிறுசு என்றேன். மயில் நீலம் எனக்கு ஒத்துவராது என்றேன். கண் மட்டும் வாசலில் இருந்தது. ஒரு மாத்தா உள்ளே எட்டிப் பார்த்தான். நான் ஒரு சேலையைத் தோளில் போர்த்திக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அரக்கு நிறம். ஜரிகைக் கரை. கண்ணாடியில் என் கார்டுப் படம் மாதிரியே நின்றேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. மாத்தா போய்விட்டான்.

முப்பது சேலையாவது இருக்கும். பலகை முழுவதும் மலைபோல் குவிந்துவிட்டது. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"லோரி போயிருச்சு தங்கச்சி. இனி மடிக்கட்டுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு சேலையை எடுத்து நானே மடிக்கத் தொடங்கினேன். "பரவால்ல, போயிட்டு வாங்க" என்றார் அவர். பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரம் இல்லை. சாப்பிடவும் நேரம் இல்லை. ஆனால் பசிக்கவில்லை. அண்ணியின் இடியாப்பம் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

அன்று முழுவதும் மனதுக்குள் அண்ணியைத் திட்டினேன். நான் பட்டணம் வந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமைதோறும் "அந்த மெசின்ல என்னாதான் பண்ணுவ?", "யார் யார் பேசுவாங்க?", "நீ என்னான்னு சொல்லுவ?" என்று தொணதொணப்பார். குறை கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று நான் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வேன். இனி அவருக்கு நிம்மதி, நாளைக்கு நானும் வாளி தூக்குவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூணரை மணி

மூணரைக்கு ஆபீஸ் பியூன் மாணிக்கம் என் பலகைக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"மேரி, வாசல்ல ஒரு கல்யாணப் பொண்ணு நிக்குது."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"தம் பேரு லூர்து மேரின்னு காவக்கார ஜாகாகிட்டக் கார்டைக் காட்டுது. அப்ப நீ யாரு?"

நான் காதுக்கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

வாசலில், அந்த வெயிலில், அரக்கு நிறக் கூறைச் சேலை கட்டி, மண்டோர் சம்சாரத்தின் அட்டிகையைப் போட்டுக்கொண்டு, நடுவகிடு எடுத்து எண்ணெய் வழியச் சீவிய தலையோடு என் அண்ணி நின்றிருந்தார். செருப்பு ஒரு கையில். இன்னொரு கையில் என் பழைய கடித உறை. அதன் மூலையில் கம்பெனி விலாசம் அச்சடித்திருந்தது. அதைக் காட்டிக் காட்டி மூணு சக்கரப் பெச்சாக்காரனோடு ஒன்றரை மணி நேரம் பட்டணத்தைச் சுற்றியிருக்கிறார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"அண்ணி! என் கார்டை வச்சிக்கிட்டா வந்தீங்க? புடிச்சிருந்தா ஜெயிலு!"

"புடிக்கலியே" என்றார்.

கிராணி அவரே நேரில் பால் ஸ்டோருக்குப் போய், எல்லாருக்கும் முன்னால் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் இன்னும் வெட்டுக்காட்டிலிருந்து திரும்பவில்லை. அண்ணி வாளியை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டார்.

"அடுத்தவங்க கையில குடுக்கறதுதான் குத்தம்னாரு. சரி, நானே நீயாப் போயிட்டா? படத்துல இருக்கற சேலையைக் கட்டிக்கிட்டா எவன் மூஞ்சியப் பாக்கப் போறான்?"

"வேலு எப்படிக் குடுத்தான்?"

"முழிச்சான். 'காலையில மட்டும் பாத்தா குடுத்த?'ன்னு கேட்டேன். குடுத்துட்டான்."

பெரிய கிளார்க்கு ஐயாவின் மேசையில் இரண்டு கார்டையும் வைத்தோம். அவர் படங்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அண்ணியின் சேலையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சேலையோ?"

"நாப்பது பேருக்கு ஒரே சேலைங்க. மூஞ்சிதான் வேற வேற" என்றார் அண்ணி.

ஐயா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு என் கார்டு எண்ணை மெதுவாகக் கட்டத்தில் எழுதினார். "அம்மா, நீங்கள் செய்தது பெரிய குற்றம். நான் ஒண்டும் பார்க்கேல்லை" என்றார். பாரத்தை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனார். பெட்டிகள் கட்டி வைத்த அறை. திரும்பி வந்தபோது பாரத்தில் கையெழுத்தின் மை காயாமல் இருந்தது. அப்போது மணி நாலுக்குப் பத்து நிமிஷம். "தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?" என்று அண்ணியைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில்

ஏழு மணிக்கு வேலி வாசலைப் பூட்டிவிடுவார்கள். நாலேகால் பஸ்ஸை விட்டால் அண்ணிக்கு ராத்திரி தங்க இடம் கிடையாது. அரை மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு நானும் கூட ஓடினேன். ஆபீஸைச் சுற்றிக் காட்டவும் நேரம் இல்லை. கதவிடுக்கு வழியாக என் பலகையை ஒரு பார்வை பார்த்தார். "இதானா?" என்றார். அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்து ஒட்டுக்கடையில் நின்றபடியே சாப்பிட்டார். பரோட்டா இரண்டு, பிறகு இன்னும் இரண்டு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு ஐந்து மணிக்கே எழுந்து இடியாப்பம் பிழிந்தவர் தான் சாப்பிடாமல் வெட்டுக்காட்டுக்குப் போயிருக்கிறார். பரோட்டாவைப் பிய்க்கிற விரல்களில் ரப்பர்ப் பால் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. கழுவக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து மனதுக்குள் அவரைத் திட்டியதை நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு போடச் சொல்லவா அண்ணி?"

"போதும். பஸ்சு போயிடும்" என்றார். காலையில் நான் சொன்ன அதே குரலில் சொல்லிக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

கார்டுகளை மாற்றிக்கொண்டோம். அவர் தன் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியது. கண்டக்டர் மணியடிக்கப் போகிற நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"வர்ற வழியில மூணு எடத்துல நிறுத்தினானுங்க மேரி. பேரக் கேட்டான், ஒம் பேரச் சொன்னேன். என்னா கெர்ஜான்னு கேட்டான்."

"என்ன வேலைன்னு சொன்னீங்க?"

"டெலிபோன் ஆப்பரேட்டர்னு சொன்னேன். வர்றவங்க பேசறதுக்கெல்லாம் நாந்தான் லைன் குடுக்கறதுன்னு. நீ சொல்லுவல்ல, 'நம்பர் பிளீஸ்'னு, அதயும் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மூணு எடத்துலயும் ஒருத்தன்கூடச் சிரிக்கல மேரி. போங்கம்மான்னு வுட்டானுங்க."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தன. நான் சொன்ன ஒற்றை வார்த்தைப் பதில்களும்தான்.

மணியடித்தது. பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலு எட்டு நடந்தேன். அண்ணி தலையை வெளியே நீட்டினார்.

"இப்பப் போறப்ப எங் கார்டுதானே இருக்கு. இப்பவும் கேட்டா, அதையே சொல்லிக்கவா?"

"சொல்லுங்க அண்ணி" என்று கத்தினேன். "கேக்கறவன் எல்லார்கிட்டயும் சொல்லுங்க."